காலை ஜெபம் கைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

சாயர்புரத்துப்பெண்
திங்கள், இரவு 11:52

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே ஒரு வருடமாக வாசிக்க மட்டுமே செய்கிறேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிவு வந்தது.

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்த மூன்று வருடமும் காலை 5 மணிக்கு எழுந்துவிடுவேன். மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி ஓரமாகப் பாயைப் போட்டு உட்கார்ந்து பைபிளில் ஒரு சங்கீதம், சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம், அப்புறம் ஜெபம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த முக்கால் மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு அது அரை மணி ஆனது. மூத்தவன் பிறந்தபின் கால் மணி. சின்னவள் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் தனியாக உட்கார்ந்து ஜெபித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது தாம்பரத்தில் இருக்கிறோம். 5:15க்கு எழுந்தால் இரண்டு அடுப்பிலும் ஏதாவது இருக்கும். 7:40க்குப் பள்ளி வேன். சின்னவளைக் குளிப்பாட்டி அத்தையிடம் கொடுத்துவிட்டு 8:20க்கு ஆபீஸ் பஸ். திரும்ப ஏழு மணி ஆகிவிடும். 8:30க்குப் பத்து நிமிடம் குடும்ப ஜெபம், அத்தை நடத்துவார்கள். அது ஒருநாளும் தவறுவதில்லை, அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். 9 மணிக்கு வெளிநாட்டு கிளையண்டோடு கால் ஆரம்பித்தால் பத்தரை வரை போகும். பிறகு பாத்திரம். படுக்கையில் போனில் பைபிளைத் திறப்பேன். அதற்குள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது வந்து நிற்கும். அப்படியே தூங்கிவிடுவேன்.

போன ஞாயிறு பிரசங்கத்தில், "24 மணி நேரத்தில் ஆண்டவருக்குப் பத்து நிமிடம்கூடவா இல்லை?" என்று கேட்டார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். வெளியே நின்று அழுதேன்.

"இப்படிச் செய்ய வேண்டும்" என்பது எனக்குத் தெரியும். நீங்கள் நிஜமாக என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.


அதிகாலைவிண்மீன்
செவ்வாய், காலை 4:40

சிஸ்டர், உங்கள் நிலைமை புரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை, எடுத்துக்கொள்வதுதான். நான் 22 வருடமாக 4:15க்கு எழுகிறேன். இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" போனார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த ஆகாரமான மன்னாவைப் பற்றி யாத்திராகமம் 16ல் என்ன வாசிக்கிறோம்? விடியற்காலத்தில் சேர்க்க வேண்டும், வெயில் ஏறஏற அது உருகிப்போம். என் அனுபவத்தில் இது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆறு மணிக்குமேல் போன் அடிக்கத் தொடங்கினால் அன்றைய மன்னா போனதுதான்.

தானியேலுக்குச் சிங்கக்கெபி வந்தபோது அவன் புதிதாக ஜெபிக்கத் தொடங்கவில்லை. "முன் செய்துவந்தபடியே" என்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நான் இன்றும் அலாரம் வைக்கிறேன். இரவு பத்தரைக்குப் படுக்க முடிந்தால் நாலரைக்கு எழ முடியும். முயற்சி செய்து பாருங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.


இரவுப்பணி
செவ்வாய், காலை 9:15

நைட் டியூட்டி முடித்து இப்போதுதான் அறைக்கு வந்தேன். அதிகாலைவிண்மீன் ஐயா சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் எட்டு மாதக் குழந்தை வைத்திருக்கிற அக்காவிடம் "நாலரைக்கு எழு" என்று சொன்னால், அவர்கள் நாலரைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை எழுந்து படுத்திருப்பார்கள்.

நான் ஐசியு நர்ஸ். மாதத்தில் பத்து, பன்னிரண்டு இரவு. என் காலை என்பது மற்றவர்களின் சாயங்காலம். முதல் இரண்டு வருடம் "காலை தியானம் விட்டுப்போச்சே" என்று குற்ற உணர்ச்சியிலேயே இருந்தேன். ஒருநாள் சங்கீதம் 134 கண்ணில் பட்டது. மூன்றே வசனம்தான். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று அது என்னைப் போன்றவர்களைத்தான் கூப்பிடுகிறது. ஆலயத்திலேயே நைட் டியூட்டி இருந்திருக்கிறது!

மூன்று மணிக்கு பிபி, சாச்சுரேஷன் எல்லாம் குறித்துவிட்டு வரும்போது வார்டு கொஞ்சம் அடங்கும். ஒவ்வொரு படுக்கையையும் பார்த்து, அந்த நோயாளிக்காக ஒரு வாக்கியம் மனதுக்குள் சொல்வேன். பதினோரு படுக்கை, பதினோரு வாக்கியம். நீளமான ஜெபம் கிடையாது. ஆனால் நாலு வருடத்தில் அது விட்டுப்போனதில்லை.

இன்னொன்று. அந்த மாற்கு 1:35ஐ அடுத்த இரண்டு வசனத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள் அக்கா. சீமோனும் மற்றவர்களும் தேடிக்கொண்டு வந்து "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்கிறார்கள். இயேசுவின் காலை ஜெபத்திலேயே ஆள் வந்து கூப்பிட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் கூப்பிடுகிற ஆளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, அவ்வளவுதான்.


பழைய_வாத்தியார்
செவ்வாய், மாலை 6:30

தங்கச்சி, நாசரேத் பக்கத்துக் கிராமம் எனக்கு. வயது 71. என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயிலில் காலையும் மாலையும் மணி அடிக்கும். உபதேசியார் நடத்துகிற ஜெபத்துக்குப் பனையேறப் போகிறவர்களும் வந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் மனவுறுதியால் நேரம் கண்டுபிடிக்கவேண்டிய நிலை அப்போது இல்லை. ஊர் முழுவதற்கும் ஒரு மணி இருந்தது. இப்போது உன் ஆபீஸ் பஸ்ஸும், கிளையண்ட் காலும்தான் மணி அடிக்கின்றன. ஆகையால் உன் தோல்வி என்று முழுக்க உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

ஜார்ஜ் முல்லரை உனக்குத் தெரிந்திருக்கும், பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். 1841ல் அவர் தன் பழக்கத்தை மாற்றினார். அதற்கு முந்தின பத்து வருடமாவது காலையில் உடுத்தியதும் நேராக ஜெபத்தில் இறங்குவார். ஆனால் முதல் பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணிகூட மனம் அலைந்துகொண்டே இருக்குமாம். இதை அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் அவர் செய்தது என்னவென்றால், முதலில் புதிய ஏற்பாட்டில் சில வசனங்களை எடுத்து, அதில் தன் ஆத்துமாவுக்கு என்ன ஆகாரம் இருக்கிறது என்று பார்த்தார். பிரசங்கத்துக்காக வாசிக்கவில்லை, பசிக்காக வாசித்தார். வாசிப்பு தானாகவே ஜெபமாக மாறிவிட்டது என்கிறார். விசுவாச வீரன் என்று நாம் சொல்கிற மனிதனுக்கே மனம் அலைந்திருக்கிறது, பார்.

உன்னிடம் ஒரு கேள்வி. யோசித்துப் பதில் சொல், அவசரமில்லை. ஜெபிக்காத நாளில் உனக்கு வருவது எது? ஆண்டவரைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கமா, கடமை பாக்கி நிற்கிறதே என்ற பயமா?


கடலோரத்தாள்
செவ்வாய், இரவு 8:05

நான் கத்தோலிக்கம். தூத்துக்குடி. எங்கள் பக்கம் "செபம்" என்போம், நீங்கள் "ஜெபம்" என்கிறீர்கள், கேட்கிறவர் ஒருவர்தானே.

வாத்தியார் ஐயா சொன்ன மணி எங்களுக்கு இன்னும் இருக்கிறது. காலை, நண்பகல், மாலை என்று மூவேளை செபத்துக்கு அடிப்பார்கள். எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவருக்கு "தனியாக உட்கார்ந்து விவிலியம் தியானிக்கும் நேரம்" என்று ஒன்று வாழ்க்கையில் இருந்ததில்லை. ஆனால் வலையை இழுக்கும்போது அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டேதான் இழுப்பார். 1542ல் சவேரியார் எங்கள் கடற்கரைக்கு வந்தபோது கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். அப்படிப் பதிந்த வார்த்தைதான் அப்பா வாயில் இருந்தது.

நான் பேருந்து நிலையத்திலிருந்து கடைக்கு நடக்கிற தூரம் செபமாலையில் சரியாக ஒரு பத்து, அதாவது பத்து அருள்நிறை மரியே. களைத்துப்போன மூளைக்குச் சொந்தமாக வார்த்தை வராது அக்கா. அந்த நேரத்தில் ஏற்கெனவே நாக்கில் இருக்கிற வார்த்தை தாங்கிக்கொள்ளும். உங்களுக்கு இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் இருக்கிறது. மெதுவாகச் சொன்னாலும் ஒரு நிமிடம்.


குவைத்_தம்பி
செவ்வாய், இரவு 10:20

அக்கா, எனக்கு நேரம் இருக்கிறது, இடம்தான் இல்லை. ஒரு அறையில் ஆறு பேர். அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு என்னுடையது. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபிக்கச் சொன்ன இயேசுவின் வார்த்தையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பூட்ட எனக்கு எங்கே கதவு?

கீழ்க் கட்டிலில் காயல்பட்டினத்து அண்ணன் ஒருவர். விடியற்கால பஜர் தொழுகைக்குத் தினமும் எழுவார். அவர் பாயை உதறி விரிக்கிற சத்தம்தான் என் அலாரம். அவர் கீழே தொழுவார், நான் மேலே போர்வைக்குள் ஜெபிப்பேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஒருநாள் காய்ச்சலில் நான் எழவில்லை. அவர் கட்டிலைத் தட்டி, "தம்பி, நேரமாச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஆராதனை. மற்ற ஆறு நாளும் அந்தப் போர்வைதான்.


பழைய_வாத்தியார்
செவ்வாய், இரவு 10:55

தம்பி, உன் எழுத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் காயல்பட்டினத்து அண்ணனுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

"அறைவீடு" என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது சாமான் போட்டுவைக்கிற உள்ளறைக்கான சொல். லூக்கா 12:24ல் காகங்களுக்குப் "பண்டசாலையுமில்லை" என்று வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான். நம் வீட்டில் நெல்லும் கருப்பட்டியும் வைத்திருக்கிற இருட்டறை மாதிரி என்று வைத்துக்கொள். இயேசு சொன்னதைக் கேட்டவர்களில் பலருக்குத் தனி அறை இருந்திருக்காது. மனிதர் பார்வை படாத ஒரு மூலை, அதுதான் விஷயம். உன் போர்வை தாராளமாகப் போதும்.


இரண்டு_பையன்களின்_அப்பா
புதன், காலை 6:50

எல்லாரும் அந்தச் சகோதரி என்ன செய்யலாம் என்றே பேசுகிறோம். அவர் எழுதிய நாளை மறுபடி வாசித்துப் பாருங்கள். அதில் கணவர் எங்கே வருகிறார்? ஒரு இடத்திலும் இல்லை. குறை சொல்ல இதை எழுதவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதையும் இதுதான்.

ஒன்பது வருடம் நான் தினமும் காலை 5:30 முதல் 6:15 வரை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்தேன். நோட்டுப் புத்தகம், நாலு நிறப் பேனா, எல்லாம் உண்டு. சபை வாலிபர்களுக்கு "தனி ஜெபம் எப்படி?" என்று வகுப்புகூட எடுத்தேன். ஒருநாள் சின்னவன் இரவெல்லாம் வாந்தி எடுத்து, மனைவி தூங்கவே இல்லை. நான் வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போனேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்: "உங்க ஜெபத்துக்கு நேரத்தைக் கொடுக்கறது யாருங்க?"

பதில் எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான் ஆண்டவரோடு இருந்த ஒவ்வொரு காலையும் அவள் அடுப்போடு இருந்திருக்கிறாள். என் வேதவாசிப்பு முழுவதும் அவளிடமிருந்து எடுத்த நேரத்தில் நடந்தது. அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. இயேசு வந்தபோது மார்த்தாள் வேலை செய்தாள், தங்கை மரியாள் அவர் பாதத்தில் உட்கார்ந்து கேட்டாள். அந்த மார்த்தாளைப் பார்த்து "நீ ஏன் மரியாளைப் போல இல்லை" என்று கேட்கிற வீட்டில், சாப்பாடு மட்டும் மார்த்தாள் கையால் நேரத்துக்கு வர வேண்டும்!

இப்போது திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு. நான் தோசை ஊற்றி, டிபன் பாக்ஸ் கட்டி, பையன்களைக் கிளப்புவேன். செவ்வாய், வியாழன், சனி எனக்கு. ஞாயிறு சேர்ந்து. என் தியானம் ஆறு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்தது. ஆனால் அதற்கப்புறம்தான் ஜெபத்தில் அவள் முகத்தை நினைத்துக் கூச்சப்படாமல் பேச முடிகிறது. 1 பேதுரு 3:7ல் கணவர்களுக்குச் சொல்லியிருப்பதைக் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். மனைவியை நடத்துகிற விதத்தால் ஜெபம் தடைப்படும் என்றுதான் இருக்கிறது.

சகோதரி, உங்கள் கணவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். அவருக்குத் தோன்றாமல் இருக்கலாம். எனக்கு ஒன்பது வருடம் தோன்றவில்லை.


இரவுப்பணி
புதன், காலை 8:40

அண்ணா, இதை எங்கள் ஹாஸ்டல் முழுவதும் வாசித்தோம். நன்றி.


சாயர்புரத்துப்பெண்
புதன், இரவு 11:30

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். ஒருமுறை ஆபீஸ் பஸ்ஸில், ஒருமுறை இப்போது.

வாத்தியார் ஐயா, உங்கள் கேள்வி நாள் முழுக்கக் கூடவே வந்தது. உண்மையைச் சொல்கிறேன். பயம்தான். மூத்தவனுக்குச் சளி பிடித்தால்கூட, ஜெபிக்காததால்தானோ என்று ஒரு நினைப்பு ஓடும். மொட்டைமாடியில் உட்கார்ந்த பெண்ணுக்கு இந்தப் பயம் கிடையாது. அவளுக்கு ஆண்டவரிடம் சொல்ல ஏதாவது இருந்தது, எழுந்து போனாள். நான் எட்டு மாதமாகக் கடன்காரனைத் தவிர்க்கிற மாதிரி அவரைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். இத்தனை நாள் வராமல் இருந்துவிட்டு இன்று பத்து நிமிடம் போய் உட்கார்ந்தால் என்ன சொல்வாரோ என்ற கூச்சம்.

ஜான் வெஸ்லி போதகரின் அம்மா சூசன்னா வெஸ்லியின் கதையை இதுவரை மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். 19 பிள்ளை பெற்றவர், ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம், பிள்ளைகள் அப்போது தொந்தரவு செய்யக்கூடாதாம். அனுப்பினவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் அதை வாசித்தபோதெல்லாம் "அவளால் முடிந்தது, உன்னால் முடியவில்லை" என்றுதான் கேட்டது. அந்த 19 பேரில் ஒன்பது பேரைச் சிசுவாகவே புதைத்தவர் அவர் என்பது இன்றுதான் மனதில் உறைத்தது. அந்தத் துணிக்குள் அவர் என்ன சொல்லியிருப்பார்? ஒழுங்கான தியானமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கணவரிடம் நாளை பேசுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, நல்ல மனிதர்தான்.


பழைய_வாத்தியார்
வியாழன், காலை 7:00

என் மனைவி உனக்கு எழுதச் சொன்ன வசனம்: ஏசாயா 40:11. "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்." நாலு பிள்ளை வளர்த்தவள். குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆட்டை ஓட்ட மாட்டார், அதன் வேகத்துக்கு அவர் நடப்பார் என்று சொல்லச் சொன்னாள். நான் ஐம்பது வருடம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த வசனத்தில் பால் கொடுக்கிற ஆடு இருப்பதை யாரும் எனக்குக் காட்டியதில்லை.


வறண்டநிலம்
வியாழன், இரவு 9:45

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். எனக்கு நேரப் பிரச்சனை இல்லை. தனியாக இருக்கிறேன், வீட்டிலிருந்தே வேலை. தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். வருடத்தில் வேதாகமத்தை முடிக்கிற அட்டவணையும் உண்டு. 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று, சில நாள் நாலு. இரண்டு முறை முடித்துவிட்டேன். ஆனால் ஒன்றரை வருடமாக எதுவும் நடப்பதில்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. நேரமில்லாமல் அழுகிற சகோதரியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அழவாவது வருகிறதே.


கடலோரத்தாள்
வியாழன், இரவு 10:10

வறண்டநிலம், திருப்பாடல் 88 (உங்களுக்குச் சங்கீதம் 88) வாசித்திருப்பீர்கள். மற்ற புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் வராது, இருட்டிலேயே முடியும். அதையும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் உட்காருகிற அந்த ஒரு மணி நேரம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.


பழைய_வாத்தியார்
வியாழன், இரவு 10:40

நண்பரே, திசைதிருப்பல் இல்லை. ஒரே வியாதியின் இரண்டு பக்கம்.

1535ல் மார்ட்டின் லூதர் தனக்கு முடிவெட்டுகிற பீட்டர் என்பவருக்கு, ஜெபிப்பது எப்படி என்று ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் தன் நெஞ்சு குளிர்ந்து, ஜெபத்தில் மகிழ்ச்சியே இல்லாமல் போகிறது என்பதை ஒத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். அப்படி ஆகும்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ, ஆட்கள் கூடியிருந்தால் கோயிலுக்கோ போய், பத்துக் கற்பனை, விசுவாசப்பிரமாணம், சங்கீதம் என்று சிறுபிள்ளை ஒப்பிக்கிற மாதிரி வார்த்தை வார்த்தையாகச் சொல்வாராம். "கொஞ்சம் பொறு, ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இந்த வேலை" என்று வருகிற நினைப்பை நம்பாதே என்றும் எச்சரிக்கிறார். நம் அதிகாலைவிண்மீன் சொல்வதற்கு அதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. முடிவெட்டுகிறவருக்கு அவர் தொழிலிலிருந்தே உவமை. கத்தியிலும் முடியிலும் கண் வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவாய், ஜெபமும் அப்படித்தான் என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. இன்றும் நான் பரமண்டல ஜெபத்தில் குழந்தையைப் போலப் பால் குடிக்கிறேன், கிழவனாகியும் அது எனக்குத் திகட்டவில்லை என்கிறார்.

அதனால் அந்த அட்டவணையை ஒரு மாதம் மூடிவையுங்கள். மூன்று அதிகாரத்துக்குப் பதிலாக மூன்று வரி. நடக்கப் போகும்போது அந்த மூன்று வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். முல்லரும் காலை நேரத்தில் வயல்வெளியில் நடந்துகொண்டேதான் தியானித்தார். ஒன்றரை வருடம் நீண்ட காலம், யாராவது ஒரு மனிதரிடம் நேரில் மனதைத் திறந்து பேசுங்கள். டாக்டராக இருந்தாலும் சரி, போதகராக இருந்தாலும் சரி. சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும், தூதன் காட்டிய தணலில் சுட்ட அடையும், தண்ணீரும்தான். பிறகுதான் மலைக்குப் பயணம்.


வறண்டநிலம்
வெள்ளி, அதிகாலை 1:15

நன்றி ஐயா. மூன்று வரி முயல்கிறேன். சங்கீதம் 13லிருந்து தொடங்குகிறேன். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." அதை மட்டும் என்னால் பொய்யில்லாமல் சொல்ல முடியும்.


அதிகாலைவிண்மீன்
சனி, காலை 5:30

இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. இரண்டு_பையன்களின்_அப்பா எழுதியதை வாசித்தபின் எழுத வரவில்லை. என் 22 வருடக் காலை ஜெபமும் அவர் சொன்ன மாதிரிதான் நடந்திருக்கிறது. நேற்று என் மனைவியிடம், "நீ எப்போது ஜெபிப்பாய்?" என்று முதல்முறையாகக் கேட்டேன். "துணி காயப்போடும்போது" என்றாள். இத்தனை வருடம் எனக்கு அது தெரியாது.

4:15ஐ நான் விடப்போவதில்லை, அதில்லாமல் எனக்கு வாழத் தெரியாது. ஆனால் ஐந்து மணிக்கு எழுந்து வந்து இன்று காப்பியை நான் போட்டேன். சகோதரி, முதலில் எழுதியதில் உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.


சாயர்புரத்துப்பெண்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:05

ஐயா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். "முன் செய்துவந்தபடியே" என்ற வார்த்தையை எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், உங்களிடமிருந்து எடுத்ததுதான்.

கணவரிடம் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எனக்கும் விட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது, உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாக மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம்.

இப்போது செய்வது இது. காலை 6:10 முதல் 6:30 வரை செவ்வாய், வியாழன், சனி எனக்கு. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்திருக்கிற இடத்தில் முக்காலி போட்டிருக்கிறேன். சாமான் போடுகிற இடம்தான், வாத்தியார் ஐயா சந்தோஷப்படுவார். போனை ஹாலிலேயே வைத்துவிட்டு அப்பா எனக்குத் திடப்படுத்தல் ஆராதனைக்கு வாங்கித் தந்த பழைய பைபிளை எடுக்கிறேன். மாற்கு 16 அதிகாரம், ஒரு நாளைக்குப் பத்து வசனம்தான். மூன்று வாரத்தில் ஒன்பது நாள் கிடைத்திருக்க வேண்டும், ஆறு நாள் கிடைத்தது. ஒருநாள் சின்னவளையும் மடியில் வைத்துக்கொண்டேன், அவள் லேவியராகமத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டாள். ஒட்டி வைத்திருக்கிறேன்.

மற்ற நாட்களில் இரவு பால் கொடுக்கும்போது பரமண்டல ஜெபம். லூதர் அப்படிச் சொன்னது தெரிந்த பிறகு அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. பல நாள் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" தாண்டுவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிடுகிறோம். பயம் முழுவதும் போகவில்லை. ஆனால் வியாழக்கிழமை ஆபீஸ் பஸ்ஸில், சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று நினைத்தேன். அப்படி நான் நினைத்து ரொம்ப வருடம் ஆகிறது.


குவைத்_தம்பி
ஞாயிறு, இரவு 10:30

அக்கா, ரொம்ப சந்தோஷம். காயல்பட்டினத்து அண்ணனிடமும் சொன்னேன். அவர் வீட்டுக்காரம்மாவும் வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார்களாம், தலையாட்டிக்கொண்டே கேட்டார்.


வறண்டநிலம்
ஞாயிறு, இரவு 11:00

சங்கீதம் 13லேயே இருக்கிறேன். இன்னும் ஆறாம் வசனத்துக்குப் போகவில்லை. ஒரு டாக்டரைப் பார்த்தேன்.


இரவுப்பணி
ஞாயிறு, இரவு 11:10

நாளையிலிருந்து எனக்கு ஒரு வாரம் நைட். மூன்று மணிக்குப் படுக்கைகளை முடித்ததும் உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்கிறேன். பெயர் தெரியாது. சாயர்புரத்துப்பெண், வறண்டநிலம் என்றே சொல்கிறேன், அவருக்குத் தெரியும்.


சாயர்புரத்துப்பெண்
ஞாயிறு, இரவு 11:14

சின்னவளுக்குப் பல் முளைக்கிறது. மூன்று மணிக்கு விழித்துத்தான் இருப்பேன். நானும் உங்களுக்காகச் சொல்கிறேன்.